மார்பகத்திலிருந்து அகற்றிய செயற்கைப் பையை என்ன செய்வது?

மார்பக அறுவை சிகிச்சையைப் பற்றிய கலந்துரையாடல் எதுவானாலும் முதலில் வருபவை வழக்கமான கேள்விகள்தாம். செலவு எவ்வளவு? வலி எத்தனை நாளைக்கு இருக்கும்? தழும்பு தெரியுமா? இவற்றையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, சற்றுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி வரும்: "டாக்டர், எடுத்த பிறகு அதை என்ன செய்வீர்கள்? நான் கேட்டால் கொடுப்பீர்களா?"

சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்?" என்று வீட்டாரே முகம் சுளிப்பார்கள். ஆனால், இது விளையாட்டுக் கேள்வி அன்று. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரு பெண்ணின் உடலுக்குள் இருந்த பொருள் அது. நாளை அதன் தரத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எழுந்தால், நடந்ததைச் சொல்ல அது ஒரு முக்கியமான சாட்சி. மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் அது போய்விட்டால் பிறகு யார் தேடினாலும் கிடைக்காது.

பை என்பது என்ன?

மருத்துவர்கள் 'இம்பிளான்ட்' என்று சொல்லும் இந்தச் செயற்கைப் பையின் வெளித்தோல் சிலிக்கோனால் ஆனது. உள்ளே கூழ் போன்ற சிலிக்கோன் ஜெல் இருக்கும், அல்லது உப்புநீர் இருக்கும். சிலிக்கோன் ஜெல் பை முதன்முதலாக ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில்.

அழகுக்காக மட்டுமே பெண்கள் இதைப் பொருத்திக்கொள்கிறார்கள் என்று நினைப்பது தவறு. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கு, மார்பகத்தை மீண்டும் வடிவமைக்கவும் இந்தப் பை பயன்படுகிறது.

இது ஆயுள் முழுவதற்கும் உரிய பொருள் அன்று. பை கிழியலாம். கிழிந்தும் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். பையைச் சுற்றி உடல் தானாக உருவாக்கும் தழும்புத் திசு இறுகி, மார்பகம் கல்போல் ஆகலாம். சிலருக்கு 'இனி வேண்டாம்' என்று தோன்றலாம். காரணம் எதுவானாலும், அகற்றும் நாள் என்று ஒன்று வரக்கூடும்.

உலகம் கற்ற பாடம்

அகற்றிய பை ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று நிகழ்வுகளைச் சொல்லலாம்.

முதலாவது, 1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த வழக்குகள். ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குத் தொடுத்ததில், டவ் கார்னிங் நிறுவனம் 1995இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது. இழப்பீடு கேட்ட பெண்கள், தங்கள் உடலில் இருந்தது எந்த நிறுவனத்தின் பை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மருத்துவப் பதிவேடு இருந்தவர்களுக்குச் சிரமமில்லை. அது இல்லாதவர்களுக்கு, அகற்றப்பட்ட பையில் உள்ள அடையாளங்களும் அதன் புகைப்படமும் கைகொடுத்தன.

இரண்டாவது, பிரான்சின் பிஐபி நிறுவனம். மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெறாத தொழிற்சாலைச் சிலிக்கோனை இந்நிறுவனம் பைகளில் நிரப்பியது 2010இல் அம்பலமானது. உலகெங்கும் ஏறத்தாழ 300,000 பெண்களின் உடலில் இந்தப் பைகள் இருந்தன. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம், தன் நாட்டிலுள்ள சுமார் 30,000 பெண்களுக்கு அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு ஆலோசனை கூறியது. நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜான் குளோட் மாஸுக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அன்று பல நாடுகளில் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "என் உடம்பில் இருப்பது அந்தப் பைதானா?" என்பதே.

மூன்றாவது, புற்றுநோய் தொடர்பானது. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள பைகளைச் சுற்றி, மிக அரிதாக, நிணநீர்ப் புற்றுநோய் வகை ஒன்று தோன்றுவது கண்டறியப்பட்டது. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட கணக்குப்படி, உலக அளவில் 573 பேருக்கு இந்நோய் கண்டிருந்தது. 33 பேர் இறந்திருந்தனர். 573 பேரில் 481 பேருடையவை அலர்கன் நிறுவனத்தின் பைகள். அந்த நிர்வாகம் கேட்டுக்கொண்டதால், அந்நிறுவனம் தன் சொரசொரப்பான பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதேவேளையில், அறிகுறி எதுவும் இல்லாத பெண்கள் பயந்துகொண்டு பையை அகற்றத் தேவையில்லை என்றும் நிர்வாகம் தெளிவுபடுத்தியது. பொருத்திப் பல ஆண்டுகளுக்குப் பிறகு மார்பகம் திடீரென்று வீங்கினாலோ கட்டி தென்பட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பார்ப்பதே முக்கியம்.

கைக்கு வருவது எது? ஆய்வுக்கூடம் போவது எது?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பை வேறு, அதைச் சுற்றியுள்ள தழும்புத் திசு வேறு. புற்றுநோய் தோன்றுவது பைக்குள் அன்று; அதைச் சுற்றியுள்ள திசுவிலும் திரவத்திலும்தான். ஆகவே, சந்தேகத்துக்கு இடமளிக்கும் திசுவும் திரவமும் நோய்க்குறியியல் ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகவேண்டும். நினைவுப் பொருளாக அதை வீட்டுக்குக் கேட்பது, நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை நாமே தூக்கி எறிவதாகும். வீக்கம் இருந்தால், அறுவைக்கு முன்பே அந்தத் திரவத்தை ஊசியால் எடுத்துச் சோதிக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும்.

திசுவைப் பாதுகாக்க ஆய்வுக்கூடத்தில் ஃபார்மலின் திரவம் பயன்படுகிறது. பையை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஃபார்மலின் கிருமிகளைக் கொன்றுவிடுவதால், பையில் தொற்று இருந்ததா என்று பிறகு சோதிக்க இயலாது. அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்தது.

முன்கூட்டியே சொல்லுங்கள்

அறுவைக்கூடத்துக்குள் போனபின் கேட்டால் காலம் கடந்துவிடும். மயக்க மருந்து கொடுத்தபின் பேச முடியாது. கண் விழிக்கும்போது பை போயிருக்கும். சம்மதப் படிவத்தில், அகற்றப்படும் பொருள்களை மருத்துவமனையே அப்புறப்படுத்தும் என்ற வாசகம் இருக்கக்கூடும். படிக்காமல் கையெழுத்திட்டால் அதற்கும் நாம் சம்மதித்தவர்களாகிவிடுவோம்.

பிரிட்டனில் 1983ஆம் ஆண்டிலேயே, உடலில் பொருத்தப்பட்ட சாதனம் நோயாளிக்குச் சொந்தம், அகற்றிய பிறகும் அவருக்கே சொந்தம் என்று சுகாதாரத் துறை சுற்றறிக்கை விடுத்தது. மற்ற இடங்களில் மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை மாறலாம். அதனால் ஓரிரு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் எழுத்து மூலமாகக் கேட்பது நல்லது. கேட்கவேண்டியவை இவை:

வலப்பக்கப் பையையும் இடப்பக்கப் பையையும் தனித்தனியாக வைக்கவேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, இரண்டையும் முன்னும் பின்னும் படம் பிடிக்கவேண்டும். பல பைகளின் பின்புறத்தில் நிறுவனத்தின் குறியும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அது படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். எடுக்கும்போது பை முழுமையாக இருந்ததா, கிழிந்திருந்ததா என்பதை அறுவைக் குறிப்பில் மருத்துவர் எழுதவேண்டும். எடுக்கும்போது கத்தி பட்டுக் கிழிந்திருந்தால் அதையும் எழுதவேண்டும். பிறகு பையைக் கசியாத கொள்கலனில் இட்டு, மேலே இன்னொரு உறையிட்டு மூடி, பெயர், தேதி, எந்தப் பக்கம் என்ற விவரங்களை ஒட்டித் தரவேண்டும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

உடலிலிருந்து எடுத்த பை இரத்தமும் உடல் திரவமும் பட்ட பொருள். ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி, காய்ந்த இரத்தத்தில் உடலுக்கு வெளியே 7 நாள்வரையாவது உயிரோடு இருக்கக்கூடியது. நோயாளிக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், எல்லாருடைய இரத்தத்தையும் தாதியர் ஒரே கவனத்துடன் கையாளுவது இதனால்தான். "என் உடம்பில் இருந்ததுதானே" என்று பையைத் திறந்து சமையலறைத் தொட்டியில் கழுவுவது வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் செய்யும் தீங்கு. சுத்தம் செய்வதென்றால் அதை மருத்துவமனையே செய்யட்டும். வழக்கு ஏதும் மனத்தில் இருந்தால், சுத்தம் செய்வதற்கு முன்பே வழக்கறிஞரைக் கேட்கவேண்டும். பையில் ஒட்டியிருப்பதும் சான்றாக இருக்கலாம்.

வீட்டில் வைக்கும்போது முத்திரையை உடைக்கக் கூடாது. வெயில் படாத, சூடில்லாத, பூட்டக்கூடிய அலமாரி போதும். கார் பின்பெட்டி வேண்டாம்; உணவு வைக்கும் குளிர்பெட்டியும் வேண்டாம். பிள்ளைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டக்கூடாது. பெட்ரோல், தின்னர் போன்றவை பட்டால் சிலிக்கோன் ஊதிப் பருத்துவிடும். அப்படிப் பருத்த பையைப் பார்த்து அதன் பழைய நிலையைச் சொல்வது கடினம்.

கசிந்துவிட்டால்?

கிழிந்த பையிலிருந்து வரும் ஜெல் பிசின்போல் ஒட்டும், தண்ணீரில் கரையாது. வெறும் கையால் தொடாமல், கையுறை அணிந்து, முதலில் உலர்ந்த தாளால் வழித்தெடுக்கவேண்டும். பிறகுதான் சவர்க்காரமும் தண்ணீரும். தண்ணீரை முதலில் ஊற்றினால் வழவழப்புப் பரவுமே தவிர போகாது. துடைத்த தாளைக் கழிப்பறையிலோ கால்வாயிலோ போடாமல், கையுறையோடு சேர்த்து இரண்டு பைகளில் கட்டி, மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஒப்படைக்கலாம். கடைசியில் கைகளை நன்றாகக் கழுவவேண்டும்.

உப்புநீர்ப் பையைக் குத்தித் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். சில பைகளின் உள்ளே பூஞ்சை வளர்ந்திருந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

நிறுவனம் கேட்டால் கொடுக்கலாமா?

பை கிழிந்ததற்கு உத்தரவாதத் தொகை தருமுன், சோதிப்பதற்காகப் பையை அனுப்பும்படி தயாரிப்பாளர் கேட்பதுண்டு. அனுப்புவதில் தவறில்லை. ஆனால், சாட்சியை எதிர்த்தரப்பிடமே ஒப்படைக்கிறோம் என்பதை உணர்ந்து அனுப்பவேண்டும். படங்களும் எண்ணும் கையில் இருக்கட்டும். யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தோம் என்பதற்கு இரசீது இருக்கட்டும். சோதனை முடிந்தபின் பை திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளவேண்டும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது?

இதற்குச் சட்டம் ஒரு வழிகாட்டி. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி கவனக்குறைவு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டுகள்; அரசாங்க மருத்துவமனை மீதான வழக்குக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 ஆண்டுகள். சிங்கப்பூரில் உடற்காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். அந்தக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதை வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். வழக்கு என்ற எண்ணமே இல்லாதவர்கள் ஆய்வறிக்கை கைக்கு வரும்வரையாவது பொறுப்பது நல்லது.

தேவை முடிந்ததும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, வெட்டக்கூடாது, வீட்டு முற்றத்தில் எரிக்கக்கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளில், மருத்துவக் கழிவு எஸ்.டபிள்யூ. 404 என்ற எண்ணில் வருகிறது. அதை அப்புறப்படுத்த மருத்துவமனைகளில் தனி ஏற்பாடு உண்டு. முத்திரையோடு அங்கே கொண்டுபோய்க் கேட்பதே முறை.

பையை வைத்துக்கொள்ள விருப்பமில்லாத பெண்களும் இருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காது என்பவர்கள் உண்டு. புற்றுநோயோடு போராடி வந்தவர்களுக்கு அந்த மனநிலை இயல்பு. அவர்களும் நிறுவனத்தின் பெயர், வரிசை எண், படங்கள், அறுவைக் குறிப்பு, திசு ஆய்வறிக்கை ஆகிய ஐந்தையும் கேட்டு வாங்கி, அடையாள அட்டையைப் பாதுகாப்பது போல் பாதுகாக்கவேண்டும். பொருள் போனாலும் விவரம் போகக்கூடாது.

வெட்கத்தை நினைத்து இந்தக் கேள்வியை விழுங்கிவிடும் பெண்களே அதிகம். பக்கத்தில் அமர்ந்திருக்கும் கணவரோ அக்காளோ மகளோ அதைக் கேட்கலாம். கேட்கவேண்டிய இடம் மருத்துவரின் அறை. கேட்கவேண்டிய நேரம் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்.