மனவடுவும் உறவும்

மனநோய் தனிமனிதனுக்குள் தோன்றி அவனுக்குள்ளேயே தீர்வது என்னும் கருத்தை மறுத்தெழுந்தது உறவுவழி உளச்சிகிச்சை. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர்களான ஜே கிரீன்பேர்க், ஸ்டீபன் மிச்செல் இருவரும் 1983இல் வெளியிட்ட நூல் இதற்கு அடித்தளமாயிற்று. மனித சாரத்தைச் சமூக உறவுகளிலேயே தேடவேண்டும் என மார்க்ஸ் 1845இல் வலியுறுத்தியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இம்முறையில் சிகிச்சையாளர் விலகிநின்று நோக்குபவரல்லர். உறவில் ஒரு பங்காளி. அவரது சொல் நோயாளியைப் புண்படுத்துமாயின் அதனை ஒப்புக்கொள்கிறார். இருவரும் பேசித் தெளிகின்றனர். முறிந்த நம்பிக்கை மீளக் கட்டப்படக்கூடியது என்பதை நோயாளி அனுபவத்தால் அறிகிறார். வளர்ச்சி அங்கே தொடங்குகிறது.

துயரை உறவினூடே ஆற்றுதல் திருகோணமலைக்குப் புதிதன்று. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடமென ஐதீகம் கூறும் கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டி செய்யும் வழக்கம், தனியொருவர் துயரை உற்றார் அனைவரதுமாக்கியது. ஆயின், 2009இல் முடிவுற்ற போர்க்காலத்தில் காணாமலாக்கப்பட்டோரின் மனைவியருக்கு அவ்வழியும் அடைபட்டது. உடலுமில்லை, உறுதியுமில்லை. பொட்டிடுவதா, விடுவதா என்பதே தீராத வினா. அவர்களை மறக்கச் சொல்வது சிகிச்சையாகாது. அந்நிச்சயமின்மையில் உடனிருந்து கேட்பதே சிகிச்சையாளர் கடன்.

போரின் வடு தனிமனத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் சமூகத்திலும் பதிந்துள்ளமையை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். எனவே சிகிச்சையறையின் உறவு அவசியமானது, போதுமானதன்று. ‘அவர் எங்கே?’ என்ற வினாவுக்கு விடைகூறும் கடமை அரசுக்குரியது. அக்கடமையை மருத்துவத்தின் தலையிற் சுமத்துவது, சமூகக் குற்றத்தைத் தனிமனித நோயாக மாற்றுவதாகும்.