ஒரு பலகையில் மொரப்பூரும் தர்மபுரியும்: மாதிரி ரயில் பாதை அமைக்கும் கலை

உண்மையான ஓர் இருப்புப்பாதையையும் அதன் நிலையங்கள், பாலங்கள், சுற்றுப்புற நிலம் ஆகியவற்றையும் விகிதப்படி சுருக்கி, மின்சாரத்தால் ரயில் ஓடும்படி ஒரு பலகையின் மேல் அமைப்பதே மாதிரி ரயில் அமைப்பாகும். ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் வரையறுத்த அளவுகளுடன் பொம்மை ரயில்களைக் காட்சிக்கு வைத்த காலம் முதல் வளர்ந்துவந்த இக்கலை, இன்று ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாபெரும் காட்சிக்கூடமாகவும், புனேயின் கோத்ரூட் பகுதியில் பி. எஸ். ஜோஷி உருவாக்கி 1998இல் திறந்த சிறு ரயில் அருங்காட்சியகமாகவும், எத்தனையோ வீடுகளில் ஓர் அறைக்குள் அடங்கும் பலகையாகவும் காணப்படுகிறது. பொம்மை ரயில் எந்த ஊரையும் சாராதது. மாதிரி அமைப்போ குறிப்பிட்ட ஓர் ஊரின், குறிப்பிட்ட ஒரு காலத்தின் பாதையைக் காட்ட முனைவது. அவ்வாறு முனையும்போது எந்த அளவைச் சரியாகக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்னும் கேள்வி முதலிலேயே எழுகிறது. தர்மபுரி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால் அக்கேள்வி நன்கு விளங்கும்.

இம்மாவட்டம் மூவகைப் பாதைகளையும் கண்டது. சென்னை–சேலம் தடத்தில் உள்ள மொரப்பூர் வழியாக 19ஆம் நூற்றாண்டிலேயே அகலப் பாதை சென்றது. அங்கிருந்து தர்மபுரிக்கு, பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசேர்ப்பதற்கான பஞ்சத் தடுப்புப் பாதைகளுள் ஒன்றாக, நேரோ கேஜ் எனப்படும் குறுகிய பாதை 1906இல் திறக்கப்பட்டது. 1913இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்ட அப்பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், மூடப்பட்டது. பிற்காலத்தில் சேலத்தையும் பெங்களூரையும் தர்மபுரி வழியாக இணைத்த மீட்டர் கேஜ் பாதை அமைந்தது. அதுவும் 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. இரு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரமே கேஜ், அதாவது பாதை அகலம். அது அகலப் பாதையில் 1676 மில்லிமீட்டர், மீட்டர் கேஜில் 1000 மில்லிமீட்டர், மொரப்பூர்–தர்மபுரிக் குறுகிய பாதையில் 762 மில்லிமீட்டர்.

மாதிரி ரயில் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது எச்.ஓ. எனப்படும் அளவாகும். அதன் விகிதம் 1:87. அதாவது, உண்மையில் 87 மீட்டர் நீளமுள்ள பொருள் மாதிரியில் ஒரு மீட்டராகும். ஆனால் அதன் தண்டவாளங்கள் 16.5 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. அந்த அளவு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழங்கும் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. இந்திய அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர் வருவதால், கடையில் வாங்கும் தண்டவாளத்தில் இந்திய ரயிலை ஓட்டுபவர் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முன்னிருந்து பார்க்கும்போது பெட்டியின் அகலத்துக்குப் பாதை ஒடுங்கித் தெரிவது இதனால்தான். குறுகிய பாதையில் நிலைமை வேறு. 762ஐ 87ஆல் வகுத்தால் 8.76 மில்லிமீட்டர் வருகிறது. 1:160 விகிதமுடைய, ‘என்’ (N) எனப்படும் அளவு ரயில்களுக்கான தண்டவாளங்களின் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஆகவே, ‘என்’ அளவுப் பாதையின் மேல் எச்.ஓ. விகிதத்தில் செய்த குறுகிய பாதை ரயிலை ஓட்டினால் பிழை கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐரோப்பியர் தம் நாட்டுக் குறுகிய பாதைகளுக்காக வகுத்துக்கொண்ட இம்முறைக்கு எச்.ஓ.இ. என்று பெயர்.

இடவசதியும் குறுகிய பாதையின் பக்கமே நிற்கிறது. கடைகளில் கிடைக்கும் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட், பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி, ஏறத்தாழ 244க்கு 122 சென்டிமீட்டர். ரயில் தடம் புரளாமல் திரும்ப, வளைவின் ஆரம் மிக நீளமான பெட்டியைப்போல் மும்மடங்காவது இருத்தல் வேண்டும் என்பது இக்கலையில் வழங்கும் பொதுவிதி. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவான அகலப் பாதைப் பெட்டி 21.3 மீட்டர் நீளமுடையதாதலால், மாதிரியில் 24.5 சென்டிமீட்டர் ஆகிறது. அதற்குரிய ஆரம் 73 சென்டிமீட்டருக்கும் மேல், விட்டம் 147 சென்டிமீட்டர். பலகையின் அகலமோ 122 மட்டுமே. குறுகிய பாதைப் பெட்டி 12 மீட்டர் நீளமெனக் கொண்டால், மாதிரியில் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 84 சென்டிமீட்டர் விட்டத்துக்குள் அது எளிதாகத் திரும்பிவிடும்.

அவ்வளவு சுருக்கியும் முழுப் பாதையும் பலகைக்குள் அடங்காது. மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையிலான ஏறத்தாழ 30 கிலோமீட்டரை 87ஆல் வகுத்தால் 345 மீட்டர் வரும். பலகையின் முழு நீளமும் உண்மை நிலத்தில் 212 மீட்டருக்கே சமம். எனவே நிலையங்களை மட்டும் ஏறக்குறைய உரிய அளவில் வைத்து, இடைவழியைச் சில காட்சிகளாகக் குறைப்பது வழக்கம். பலகையின் நடுவே வானமும் குன்றுகளும் தீட்டிய தடுப்பு ஒன்றை நிறுத்தி, ஒருபுறம் மொரப்பூரையும் மறுபுறம் தர்மபுரியையும் அமைத்தால், இரண்டையும் ஒரே பார்வையில் காண இயலாத காரணத்தால் தொலைவு இருப்பதாகத் தோன்றும். மொரப்பூர்ப் பக்கத்தின் முன்விளிம்பில் அகலப் பாதையின் ஒரு துண்டை வைத்து, அதன்மேல் சரக்கு வேகன்களை நிற்கும் நிலையிலேயே விட்டுவிடலாம். ஓடாத பாதைக்குக் கடைத் தண்டவாளம் தேவையில்லை என்பதால், அதனை 19.3 மில்லிமீட்டர் இடைவெளியில் கையால் பதித்து, இரு பாதைகளின் உண்மையான அகல வேறுபாட்டை அருகருகே காட்ட முடியும். பாதை அகலம் மாறும் இடத்தில் சரக்கை ஒரு வேகனிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றியாக வேண்டுமாதலால், இரண்டுக்கும் இடையே ஒரு சரக்கு மேடையும் உரியது.

எந்த ஆண்டைக் காட்டுவது என்பதும் தடத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. 1906 முதல் 1913 வரை தர்மபுரி கடைசி நிலையம். ஆகவே அக்காலத்தைத் தேர்பவர், வந்துநின்ற ரயிலிலிருந்து எஞ்சின் கழன்று, பாயிண்டு எனப்படும் இரு தடம் மாற்றிகளால் இணைந்த பக்கத் தடம் வழியாகச் சுற்றிவந்து மறுமுனையில் மாட்டிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். 1913க்குப் பிற்பட்ட காலத்தைத் தேர்பவர் தடத்தைத் தொடரவிட்டு, குன்றுக்குப் பின்னால் மறைந்த ஒரு தடத்தை ஓசூராகக் கொள்ளலாம்.

பலகையின் அடியில் மரச்சட்டம் கொடுப்பதும், வெட்டிய விளிம்புகளுக்கு வண்ணம் பூசி ஈரம் புகாமல் காப்பதும் இன்றியமையாதவை. மழைக்காலத்தில் மரம் ஊறி வளைந்தால் பாதையும் வளையும். தண்டவாளங்கள் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகத்தாலானவை. வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் ஏறினால் அவை மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீளும். அதனால் இணைப்புகளில் சிறு இடைவெளி விட்டே பதிக்க வேண்டும். எஞ்சினுக்கு வேண்டிய 12 வோல்ட் நேர்மின்சாரம் இரு தண்டவாளங்கள் வழியாகவே சென்று, சக்கரங்கள் மூலம் மோட்டாரை அடைகிறது. மின்முனைகளை இடம் மாற்றினால் எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும். மின்னழுத்தத்தைக் குறைத்தால் வேகம் குறையும். டி.சி.சி. என்னும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்க, ஒவ்வோர் எஞ்சினும் தனக்குரிய எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். ஒரே தடத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியே இயக்க இது உதவுகிறது.

அளவு சுருங்கும்போது எல்லாப் பண்புகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. நீளம் 87இல் ஒரு பங்காகும்போது கனஅளவு அதன் மும்மடியாக, ஏறத்தாழ 6,58,500இல் ஒரு பங்காகக் குறைகிறது. 20 டன் எடையுள்ள நீராவி எஞ்சின் இக்கணக்கின்படி 30 கிராம்தான் இருக்கும். அந்த எடையில் சக்கரத்துக்குப் போதிய பிடிப்பும் கிடைக்காது, தண்டவாளத்திலிருந்து மின்சாரமும் தடையின்றிச் சேராது. எனவேதான் எஞ்சினின் கூட்டுக்குள் ஈயத் துண்டுகள் சேர்க்கப்படுகின்றன. வேகத்தையும் விகிதப்படியே கணக்கிடல் வேண்டும்: மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது மாதிரியில் விநாடிக்கு 8 சென்டிமீட்டர், அந்த வேகத்தில் ரயில் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய அரை நிமிடம் ஆகும். புதியவர்கள் ஓட்டும் வேகம் பெரும்பாலும் இதனைவிடப் பன்மடங்கு.

நில அமைப்புக்குத் தேவையானவற்றுள் பல இம்மாவட்டத்திலேயே கிடைப்பவை. குன்றுகளைத் தெர்மாகோலில் செதுக்கி, பிளாஸ்டர் பூசி, அங்கங்கே உண்மையான கூழாங்கற்களையே உருண்ட பாறைகளாகப் பதிக்கலாம். செம்மண்ணை நன்கு காயவைத்துச் சலித்தபின், அதன்மேல் காந்தத்தைப் பலமுறை நகர்த்த வேண்டும். மண்ணில் உள்ள இரும்புத்தாதுத் துகள்கள் பின்னாளில் மோட்டாரின் காந்தத்தில் ஒட்டி எஞ்சினைக் கெடுத்துவிடும். 50 மில்லிமீட்டர் ஜல்லி மாதிரியில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே கல்தூளை ரவை அளவுக்குச் சலித்து சிலிப்பர் கட்டைகளுக்கிடையே தூவி, வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவமும் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், பசை மேலே உருண்டு நிற்காமல் தூளுக்குள் இறங்கும். 17 மீட்டர் உயரப் புளியமரம் 20 சென்டிமீட்டர் ஆகிறது. பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கி அடிமரமாக்கி, நுனியில் பிரித்துக் கிளைகளாக்கி, சாயமேற்றிய ஸ்பாஞ்சுத் தூளை ஒட்டினால் அது உருப்பெறும்.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி சான்று தேடுவதே. குறுகிய பாதை மூடப்பட்டு 80 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே புதிதாக 36 கிலோமீட்டர் அகலப் பாதை அமைக்கும் திட்டத்துக்கு 2019இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய நில அளவை வரைபடங்கள், ரயில்வே கால அட்டவணைகள், மாவட்ட விவரக்குறிப்பு நூல்கள் ஆகியவற்றிலிருந்து சில செய்திகள் கிடைக்கும். நிலையக் கட்டடத்தின் நிறமோ பக்கத் தடத்தின் நீளமோ தெரியவராத இடங்களில், அதே காலத்துப் பிற குறுகிய பாதைகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும். எது ஆவணத்தில் கண்டது, எது ஊகித்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் பிரித்தெழுதிப் பலகையோடு வைத்திருந்தால், பின்னாளில் ஒரு பழைய புகைப்படம் கிடைக்கும்போது எந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.