வீட்டைக் கட்டிப் பார், 'க்யூட்'டைக் கட்டிப் பார்!

நான் பி.காம். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் உள்ள உறவு டாலியில் வவுச்சர் போடுவது, இந்த மாதிரி ஏதாவது டைப் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது, அவ்வளவுதான். அப்பேர்ப்பட்டவன் போன கத்திரி வெயிலில், ராத்திரி ரெண்டரை மணிக்கு, சீட்டுக்கட்டு சைஸ் போர்டு ஒன்றுக்கு டேபிள் ஃபேன் வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி எழுந்து வந்து பார்த்தாள்.

"நான் ஜுரத்துல கிடந்தேனே... அப்ப இந்த ஃபேன் எங்கே போச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காரணம், அப்பா.

அப்பாவுக்கு வயது 74. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிற வியாதி. ஓரத்தில் இருப்பது தெரியும்; நேரே பார்த்தால் புகைமூட்டம். மாத்திரை அட்டையில் உள்ள எறும்பு எழுத்தெல்லாம் சுத்தமாகத் தெரியாது. ஒரே மாதத்தில் ரெண்டு தடவை பிரஷர் மாத்திரையை டபுளாகப் போட்டுக்கொண்டார். ரெண்டாவது தடவை பாத்ரூமில் தலைசுற்றி விழுந்து, நெற்றியில் நாலு தையல். "போட்டேனா இல்லையான்னு ஞாபகம் வரலைடா. சரி, போட்டுடறது நல்லதுதானேன்னு..." என்றார், கட்டுக்குக் கீழே சிரித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா பையன் இன்ஜினீயரிங் முடித்தவன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் லேப்டாப்பில் ஒரு புரோகிராம் எழுதினான். நேரமானால் திரை முழுக்க, அரை அடி உயர எழுத்தில், 'காலை 8 மணி, வெள்ளை மாத்திரை' என்று வரும். போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் 'போட்டாச்சு' என்று பச்சையாகிவிடும். தாத்தா அன்று முழுக்க லேப்டாப்பை விட்டு நகரவில்லை. "மாமா, இதை ஒரு ராஸ்பெர்ரி பை போர்டுல போட்டு, பரண்ல கிடக்கிற பழைய மானிட்டர்ல சொருகிடுங்க. தீர்ந்தது!" என்று சொல்லிவிட்டு, புது வேலைக்குப் புனே ரயில் ஏறிவிட்டான்.

தீரவில்லை, ஸார். அங்கேதான் ஆரம்பித்தது.

ராஸ்பெர்ரி பை என்பது தின்பண்டம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சல்லிசான விலையில் புரோகிராம் எழுதிப் பழக வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபென் அப்டன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உண்டாக்கிய கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29-ம் தேதி விற்பனைக்கு வந்தது, 35 டாலர் விலையில். என்னிடம் இருந்தது 2016-ல் வந்த மூன்றாவது மாடல். மூளை நாலு, ஞாபகசக்தி ஒரே ஒரு ஜி.பி. கிட்டத்தட்ட அப்பா மாதிரி.

பையன் எழுதிய புரோகிராமுக்கு அஸ்திவாரம் 'க்யூட்' என்று ஒரு சாஃப்ட்வேர். க்யூ, டி என்று ரெண்டே எழுத்து. 'க்யூட்' என்று செல்லமாகப் படிக்க வேண்டும். திரையில் ஜன்னல், பட்டன், எழுத்து எல்லாம் வரைந்து தருவது இதன் வேலை. 1990 கோடையில், ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற ரெண்டு நார்வேக்காரர்கள் அல்ட்ராசவுண்ட் படங்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தபோது, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில் முளைத்த யோசனையாம். 1995-ல் வெளியே வந்தது. நடுவில் சம்பாத்தியம் இல்லாத அந்த வருஷங்களில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவிமார்தான் ரெண்டு பேரையும் தாங்கினார்கள். (இந்த இடத்தை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பதில் இல்லை.)

போர்டின் ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு ரெடிமேடாகக் கிடைத்தது க்யூட் 6.4. பையன் எழுதியிருந்ததோ 6.5-ல். "மாத்தி எழுதேண்டா" என்றால், "ட்ரெயினிங் மாமா, ஒரு மாசம் ஆகும். நீங்களே சோர்ஸ்லேர்ந்து கட்டிடுங்க, ஈஸி" என்றான். இந்த 'ஈஸி' என்ற வார்த்தையை இருபத்திரண்டு வயதுக்காரர்கள் உபயோகிக்கத் தடை போட வேண்டும்.

சோர்ஸிலிருந்து கட்டுவது என்றால், பாக்கெட் மாவு வாங்காமல் அரிசி உளுந்து வாங்கி வீட்டில் அரைப்பது. மனிதன் எழுதின ஃபைல்கள் ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றையும் கம்பைலர் அரைத்து மெஷின் பாஷையாக்க வேண்டும். லேப்டாப்பிலேயே அரைத்துப் போர்டுக்குக் கொண்டுபோகிற 'கிராஸ் கம்பைல்' முறையும் உண்டு, ரொம்ப சீக்கிரம் முடியும். ஆனால் அதற்கு முதலில் லேப்டாப்புக்கென்று தனியாக அதே க்யூட் வேண்டும், போர்டில் உள்ள லைப்ரரிகளின் நகல் வேண்டும்... ரெண்டாவது பாராவிலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. போர்டிலேயே அரைப்பது என்று முடிவு செய்தேன். அடிப்படைப் பகுதியான க்யூட்பேஸ் மட்டும் போதும் என்று பையன் சொன்னது நல்ல காலம். வெப்-இன்ஜின் என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே முழு குரோமியம் பிரவுசரே உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்திருந்தால் தீபாவளி மலருக்குத்தான் இந்தக் கட்டுரை வந்திருக்கும்.

முதலில் 'கான்ஃபிகர்' என்று ஒரு படலம். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரு ஜி.பி. ஏழை வீட்டுக்கு ஆடம்பரம் எதற்கு என்று, பெயர் புரியாததையெல்லாம் வேண்டாம் என்றேன். அதில் 'ஹார்ஃப்பஸ்' என்று ஒன்று. ஏதோ ஹாரன் சமாச்சாரம் போலிருக்கிறது என்று அதையும் வெட்டினேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை, சாப்பிட்டு வந்து பார்த்தால் 'கில்டு' என்று ஒரு வரி. கொலை! ஆயுதம், ஆறு ஃபைலை ஒரே சமயத்தில் அரைத்தது. மூளை நாலு இருந்தால், கூட ரெண்டு சேர்த்து ஆறு வேலையை ஆரம்பித்துவிடுகிற நிஞ்சா என்கிற கங்காணி கம்பைலரை ஓட்டுகிறது. ஒவ்வொன்றும் சில நூறு எம்.பி. கேட்டால் ஒரு ஜி.பி. எந்த மூலைக்கு? சிஸ்டமே ஒருத்தனைத் தீர்த்துக்கட்டிவிட்டது. பையன் போனில் ரெண்டு மருந்து சொன்னான். ஒன்று, ஒரு சமயத்தில் ஒரே ஃபைல். இரண்டு, மெமரி கார்டில் 2 ஜி.பி. இடத்தை 'ஸ்வாப்' என்று ஒதுக்கி, ஞாபகசக்தி தீர்ந்தால் அதில் எழுதிக்கொள்ளச் சொல்வது. எனக்கு உடனே புரிந்தது. பேங்க் ஓவர்டிராஃப்ட்! வேகம் படுத்துவிடும், ஆனால் செக் திரும்பாது.

அடுத்தது சூடு. 80 டிகிரி தாண்டினால் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. (மே மாதத்து ஆபீஸ்களில் நான் பார்த்ததுதான்.) மானிட்டர் மூலையில் அடிக்கடி ஒரு மின்னல் படம் வேறு. அழகாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். செல்போன் சார்ஜரில் ஓட்டுகிறேன், கரன்ட் போதவில்லை என்று போர்டு அழுகிறதாம் அது. இரண்டரை ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கினேன். ஃபேன் வந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

பதினோரு மணி நேரம். திரையில் ஸ்கோர் மாதிரி எண் ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு தடவை மின்சாரம் போனதில் எனக்குத்தான் நெஞ்சு நின்றது. நிஞ்சா விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டது. விடிகாலையில் முடிந்து, ஆசையாகப் புரோகிராமைத் தட்டினால்... 'ஈஜிஎல்எஃப்எஸ்' இல்லை என்று பிடிவாதம். மேஜை, ஜன்னல் என்று எந்த அலங்காரமும் இல்லாமல், முழுத்திரையில் நேரடியாக வரைவதற்கான பகுதி அது. நாங்கள் இவ்வளவு பாடுபட்டதே அதற்குத்தான்! அதற்கு வேண்டிய கிராஃபிக்ஸ் ஃபைல்களை நான் முன்கூட்டியே போர்டில் ஏற்றவில்லை. சண்டை போடாமல், கான்ஃபிகர் முடிவில் வந்த நீளமான பட்டியலில் எங்கேயோ ஒரு வரியில் 'நோ' என்று சொல்லிவிட்டு அது பாட்டுக்குக் கட்டிமுடித்துவிட்டது. டிரயல் பேலன்ஸைப் படிக்காமல் பேலன்ஸ் ஷீட் போட்டவன் நான். பி.காமுக்கே அவமானம்.

அதே நாள் மத்தியானம், அப்பா அட்டையைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமலேயே, "இன்னும் போடலைடா, போடலை" என்றார். வேண்டிய ஃபைல்களை ஏற்றி, பழையதை அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அரைக்கவிட்டேன்.

மறுநாள் ஓடியது! திரை முழுக்க எழுத்து! அப்பாவைக் கூப்பிட்டேன். தலையைச் சாய்த்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்னடா பாஷை இது?"

'காலை'யில் 'லை'க்கு முன்னால் வர வேண்டிய சங்கிலிக்கொம்பு, பின்னால் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. 'வெள்ளை'யில் ரெண்டு கொம்பும் இடம் மாறி, 'மாத்திரை' வெறும் மாத்திரமாகி... அப்பாவுக்குக் கண்தான் மங்கல், தமிழ் மங்கல் இல்லை. கம்ப்யூட்டருக்குள் 'லை' என்பது முதலில் ல, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறியை ரெண்டாகப் பிளந்து, எழுத்துக்கு ரெண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் செய்கிற புண்ணியவான் யார் தெரியுமா? நான் ஹாரன் என்று நினைத்து வெட்டின ஹார்ஃப்பஸ்! பாரசீகத்தில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்த. ஆங்கிலேயனுக்கு அது இல்லாமலும் ஒப்பேறிவிடும். நமக்கு, அரபிக்காரருக்கு, இந்திக்காரருக்கு எல்லாம் அது இல்லாவிட்டால் வாய் குழறிவிடும்.

மறுபடி பதினோரு மணி நேரம். ஃபேன். மனைவியின் மௌனம். இந்தத் தடவை பட்டியலை வரி வரியாக, விரல் வைத்துப் படித்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரை வெளிச்சமாயிற்று. அப்பா தலையைச் சாய்த்து, எழுத்துக்கூட்டாமல் படித்தார்: "காலை... எட்டு மணி... வெள்ளை மாத்திரை." போட்டுக்கொண்டார். பட்டனைத் தட்டினார். பச்சை. சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார், அதாவது எனக்குப் பக்கத்தில் இருந்த பீரோவைப் பார்த்தார்.

"எல்லாம் சரி. ராத்திரி மாத்திரை மஞ்சள்னு போட்டிருக்கியாமே? போன வாரம் மருந்துக் கடைக்காரன் கம்பெனியை மாத்திட்டான். இப்ப அது ரோஸ் கலர்."

புனேவுக்குப் போன் போட்டேன், குரல் நடுங்க. "மறுபடியும் கட்டணுமாடா?"

"ஐயோ மாமா, அது தனியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்தான். 'மஞ்சள்'ங்கறதை அழிச்சுட்டு 'ரோஸ்'னு டைப் அடிங்க."

அடித்தேன். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஃபேனைக் கொண்டுபோய் மனைவி பக்கம் வைத்தேன்.