மண்ணெண்ணெய் குடித்த கார்கள்

பெருந்தொகை கொடுத்து வாங்கிய மோட்டார் வண்டியின் இயந்திரம் வழியில் நின்று, அதைச் சீர்செய்ய வண்டியின் விலையளவு பணம் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரர் என்ன செய்வார்? இனி அந்தக் கம்பனியின் வாசற்படியையும் மிதியேன் என்று சபதம் செய்வார் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் உலகத்து விரைவுக்கார்ப் பிரியர்களின் சரித்திரம் வேறுவிதமாக இருக்கிறது. நட்டப்பட்டவர்களிற் பலர் அதே கம்பனியின் இன்னொரு வண்டியை வாங்கியிருக்கிறார்கள். இவர்களைப் பித்தர் என்று ஒதுக்கிவிடலாம். காங்கேசன்துறை வீதியில் ஒஸ்ரின் கார்கள் புகைகக்கி ஓடிய காலத்தைக் கண்ட என்னால் அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை.

முதலில் செல்வந்தர் நாட்டுக் கதை. ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1996இல் பொக்ஸ்ரர் என்ற காரையும், அதையடுத்துத் தன் புகழ்பெற்ற 911 காரின் புதிய வடிவத்தையும் நீரினாற் குளிர்விக்கப்படும் இயந்திரத்தோடு வெளியிட்டது. அவ்வியந்திரத்தின் உள்ளே இடைத்தண்டு ஒன்று உண்டு. அத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது உருளைக் குண்டுகள் கொண்ட, மூடி முத்திரையிட்ட சிறு பெயாரிங். விலை அற்பம். ஆனால் அது தேய்ந்து உடைந்தால் வால்வுகளின் தாளம் தவறும். வால்வும் பிஸ்ரனும் மோதிக்கொள்ளும். உலோகத் துகள் ஒயிலோடு கலந்து இயந்திரம் முழுவதும் பரவும். பிறகு இயந்திரத்தையே மாற்ற வேண்டியதுதான். அமெரிக்காவில் இதுபற்றிச் சொந்தக்காரர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் உடன்பாட்டில் முடிந்தது. 2009ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அந்த இடைத்தண்டே இல்லாத புதிய இயந்திரத்தை நிறுவனம் கொண்டுவந்தது. வழக்காடியவர்களின் வகுப்பைச் சேர்ந்தவர்களே அதையும் வாங்கினார்கள்!

இங்கிலாந்துக் கதை இதைவிட விசித்திரமானது. 1970இல் வெளிவந்த டிரயம்ப் ஸ்ராக் கண்ணுக்கு விருந்தான வண்டி. இத்தாலியச் சிற்பி மிச்சலொற்றி அதன் உருவை அமைத்தார். எட்டுச் சிலிண்டர் கொண்ட அதன் மூன்று லீற்றர் இயந்திரமோ கொதித்துக் கொதித்தே பெயர் கெட்டது. நீர்ப்பம்பி உயரத்தில் இருந்தமையால் நீர் சற்றுக் குறைந்தாலும் ஓட்டம் நின்றது. வார்ப்படத்து மணல் றேடியேற்றரை அடைத்தது. அலுமினியத் தலைப்பாகம் வளைந்தது. 1977இல் உற்பத்தி நின்றபோது ஏறக்குறைய 26,000 வண்டிகளே வெளிவந்திருந்தன. பலர் அந்த இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு றோவர் இயந்திரத்தைப் பொருத்தினர். ஆயினும் 1979இல் சொந்தக்காரர்கள் தமக்கெனச் சங்கம் ஒன்று அமைத்துக்கொண்டு, அந்தச் சாபமிட்ட இயந்திரத்தைக் கொதிக்காமல் ஓட்டும் வித்தையைத் தாமே கற்றார்கள். பின்னாளில் றோவர் இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பழையதைத் தேடிப் பொருத்தியவர்களும் உளர். இதற்குள் டிரயம்ப் கார் என்ற பெயரே 1984இல் மறைந்துவிட்டது. இல்லாத கம்பனியிடம் ஒருவன் எப்படி விசுவாசம் பாராட்ட முடியும்? இந்தக் கேள்விதான் என்னை யாழ்ப்பாணத்துக்கு இட்டுவருகிறது.

நம்மிடையே விரைவுக்கார்கள் இருந்ததில்லை என்றே சொல்லலாம். நாம் கொண்டாடியவை ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற குடும்ப வண்டிகள். ஆசிரியர், வைத்தியர், புகையிலை வியாபாரி, ஓய்வூதியத்தோடு மலாயாவிலிருந்து திரும்பியவர் ஆகியோரின் முற்றத்து மாமரத்தடியில் அவை நின்றன. 'ஒஸ்ரின் வீடு', 'மொறிஸ் வீடு' என்று சொல்லுமளவுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்சி இருந்தது. கோவிற் திருவிழாக் காலத்தில் வைரவர் மடத்திலிருந்து இக்கட்சிகள் வாதிட்டதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கள்ளமாகக் கிடைத்த பெற்றோல் பொன்னின் விலை. அப்பொழுதுதான் இந்தக் கிழட்டு வண்டிகள் மண்ணெண்ணெய் குடிக்கக் கற்றுக்கொண்டன. சிறு போத்தலிற் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபறேற்றருக்குள் விடுவார்கள். முன்புறத்தில் கம்பி கொடுத்துச் சுழற்றி இயந்திரத்தை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகை வீதியை மூடும். காரைக் காணுமுன் அதன் வாசம் வந்துவிடும்.

அவை ஏன் அதற்கு உடன்பட்டன என்பதில் ஒரு சரித்திரம் பொதிந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 முதல் 1953 வரை இங்கிலாந்தில் எல்லாக் கம்பனிகளின் பெற்றோலும் ஒன்றாகக் கலந்தே விற்கப்பட்டது. அது தரங்குறைந்த பெற்றோல். அதன் ஒக்ரேன் எண் ஏறத்தாழ 70 மட்டுமே. 1947இல் வெளிவந்த ஏ 40 அந்த எண்ணெய்க்காகவே அமைக்கப்பட்டது. 1,200 கன சென்ரிமீற்றர் கொண்ட அதன் நான்கு சிலிண்டர் இயந்திரம் கலவையை ஏழு மடங்குக்குச் சற்று மேலாகத்தான் அழுத்தும். அழுத்தம் மிகுந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை விட்டால் அது காலந்தவறி வெடித்துப் பிஸ்ரனை உடைத்துவிடும். ஆக, ஒரு போரின் வறுமைக்காகச் செய்யப்பட்ட இயந்திரம் நாற்பதாண்டு கழித்து இன்னொரு போரின் வறுமைக்கு ஈடுகொடுத்தது. போர்ஷே பிழைத்திருக்க மாட்டாது.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாவதில்லை. எஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து, அங்கு படிந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் நாளுக்கு நாள் நீர்த்துப் போகும், பெயாரிங்குகள் தேயும், வால்வுகளிற் கரி கட்டும். கராச்சுகளில் ஒயிலை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்து பார்த்தே இயந்திரத்தின் ஆயுளைச் சொன்ன மெக்கானிக்குமார் இருந்தார்கள்.

என் அம்மான் ஒருவர் 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1990இல் தொழிற்சாலை நின்றது, ஊரும் இடம்பெயர்ந்தது. அவர் தம் ஏ 40 சோமசெற் காரில் தாயையும் பாத்திர பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்கு வந்தார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, படுக்கையிற் கிடந்த தாயை அதே காரில் கிடத்திக்கொண்டு புறப்பட்டார். சனத்திரளினூடே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. றேடியேற்றர் கொதித்தது, மழைநீரை ஏந்தி ஏந்தி ஊற்றினார்கள். சாவகச்சேரியை அடைந்து ஒரு வளவுக்குள் திருப்பியபோது இயந்திரம் ஒரு சத்தத்தோடு இறுகி நின்றுவிட்டது. நீர்த்த ஒயில் பெயாரிங்குகளைக் கைவிட்டிருந்தது.

மறு ஆண்டு அது உழவு இயந்திரத்தின் பின்னே கட்டி இழுக்கப்பட்டு மானிப்பாய்க்குத் திரும்பியது. இரும்பு விலைக்குக் கொடுத்துவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கிராங்க் தண்டைக் கடைந்து, சிலிண்டரை அகலித்து, புதிய பிஸ்ரன் போட்டார். பாகங்கள் கொழும்பிலிருந்து கப்பலிற் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கு வந்திறங்கின. அத்துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த தம் வீட்டுக்கு அவர் போக முடியாத காலம் அது. வீடு உயர் பாதுகாப்பு வலயத்தினுள் இருந்தது. மாமியின் இரண்டு காப்புகள் அதற்குச் செலவாயின.

"தம்பி, வேறை ஆரும் அண்டைக்கு என்ரை அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவையே?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் வாயடைத்துப் போனேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: "எனக்குச் சளி பிடிச்சால் மல்லிக் குடிநீர். அந்தச் சனியனுக்குச் சளி பிடிச்சால் கொழும்பிலையிருந்து சாமான்!"

இந்த வழக்கில் மாமியின் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் துணிபு. காப்பு அவருடையது; முடிவு மற்றவருடையது. விரைவுக்கார்ச் சங்கங்களின் வீரக்கதைகளில் இத்தகைய மாமிமாரின் கணக்கு எழுதப்படுவதில்லை. மேலும், முன்னர் செலவிட்டதை வீணாக்க மனமின்றி மேலும் செலவிடுவதை நாம் பற்று என்ற அழகிய பெயரால் அழைத்துக்கொள்வதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அன்று வேறு கார் வாங்க வழியில்லை என்பதையும் மறக்கலாகாது. தெரிவு இல்லாதவனின் விசுவாசத்தை எடைபோடுவது கடினம்.

இருந்தும் அம்மானின் பற்றும் ஸ்ராக் சொந்தக்காரர்களின் பற்றும் ஓரினம் என்றே நான் கொள்கிறேன். ஒஸ்ரின் என்ற பெயர் 1987இல் கார்களிலிருந்து நீங்கியது. அது பிறந்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 2005இல் பெருமுடக்கம் வந்தது. அம்மானுக்கு அக்கம்பனி ஒரு கடிதமேனும் எழுதியதில்லை. அவர் விசுவாசம் காட்டியது பெயர்ப்பலகைக்கு அன்று. தம் கையாலும் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கின் கையாலும் திறந்து, பார்த்து, மூடிய ஒரு பொருளுக்கு. போர்ஷேக்காரரின் நிலை வேறு. அவருடைய கம்பனி உயிரோடு இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லும் கடமை அதற்குண்டு. அங்கே குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும் விசுவாசம் அடுத்த குற்றத்துக்கும் இடங்கொடுக்கும். வழக்காடிவிட்டுப் பிறகு வாங்கியவர்களை இதனாலேயே நான் மெச்சுகிறேன். அவர்கள் அன்பையும் கணக்கையும் ஒன்றோடொன்று குழப்பவில்லை.

2002இல் ஏ 9 பாதை திறந்ததும் யப்பானிய வண்டிகள் வந்து குவிந்தன. பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பல ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் இங்கே யப்பானிய இயந்திரம் பூண்டு ஓடுகின்றன. வெளியே இங்கிலாந்து, உள்ளே யப்பான். அது குற்றமென்று நான் சொல்லேன். மொறிஸ் மைனருக்கு 1990களில் இலங்கையின் தென்பகுதியிலேயே உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

அம்மான் இப்போது இல்லை. சோமசெற் அவருடைய மகனிடம் இருக்கிறது. கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போகிறது. பழைய இயந்திரத்தையே வைத்திருக்கிறான். 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, மண்ணெண்ணெயில் ஓட்டிப் பார்க்கலாமே என்று சிலர் அவனிடம் கேட்டார்களாம். அந்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்தது.