ஆஷு பாபு பேரில் ஒரு வரவு

சர் சி. வி. ராமன் நம்மவர் என்பதில் கொல்கத்தாத் தமிழர்களாகிய நமக்குள்ள பெருமைக்கு அளவே கிடையாது. பிப்ரவரி 28 வந்தால் தேசிய அறிவியல் நாள். நம் பிள்ளைகள் மேடையேறி ராமன் விளைவைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள், நாமும் கை தட்டுகிறோம். எல்லாம் சரிதான். ஆனால் 1907-இல் அந்த 18 வயது இளைஞர் பௌபஜார் தெருவில் ஒரு கட்டடத்தின் கதவைத் தட்டியபோது திறந்துவிட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களிலும் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஆஷுதோஷ் தே. ஆஷு பாபு என்று அழைப்பார்கள்.

அடியேன் ஆய்வுக்கூடக் கண்ணாடிச் சாமான் வியாபாரி. பீக்கர், பியூரெட், குடுவை என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்க் கல்லூரிகளுக்குச் சரக்குப் போட்டு வருகிறேன். பட்டம் வாங்கிப் படித்தவனில்லை. கடையில் கிராக்கி இல்லாத மத்தியான வேளைகளில் படித்தவன். பில் கொண்டுபோனால் பேராசிரியர்களைப் பார்ப்பது அபூர்வம். ஸ்டோர் கீப்பரும் ஆய்வுக்கூட உதவியாளரும்தான் நமக்குப் பழக்கம். ஆகவே ஆஷு பாபு மேல் எனக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பௌபஜார் தெரு இன்றைக்கு பிபின் பிஹாரி கங்குலி தெரு. அதில் 210-ஆம் எண்ணில் இப்போது கோயங்கா வணிகவியல் கல்லூரி இருக்கிறது. 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி நடத்திய இடம் அது. இந்தியர்கள் தாங்களே ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்று ஊரெல்லாம் நன்கொடை வசூலித்தார் அந்த மனிதர். ஆனால் அவர் எதிர்பார்த்தபடி ஆராய்ச்சிக்கு ஆள் வரவில்லை. அந்த வருத்தத்தோடேயே 1904-இல் காலமானார். கருவிகள் தூசி படிந்து கிடந்தன.

நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, உதவிக் கணக்காயராக மனைவி லோகசுந்தரி அம்மாளுடன் வந்திறங்கியிருந்தார் ராமன். டிராமில் போகையில் கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்த ஆஷு பாபு அவரை உள்ளே அழைத்துப்போய், செயலாளராக இருந்த அமிர்தலால் சர்க்காரிடம் நிறுத்தினார். மகேந்திரலாலின் மகன் அவர். பல வருஷமாகத் தன் தகப்பனார் காத்திருந்த ஆள் இவர்தான் என்று கண்டுகொண்டு, கருவிகளையெல்லாம் ராமன் கையில் ஒப்படைத்தார். அன்றிலிருந்து விடியற்காலையில் கழகம், பிறகு குளியல், சாப்பாடு, ஆபீஸ், சாயங்காலம் மறுபடி கழகம். கூடவே ஆஷு பாபு. ஏறக்குறைய கால் நூற்றாண்டு இப்படி ஓடியது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆஷு பாபு பல்கலைக்கழகத்தின் வாசற்படியையே மிதிக்காதவர். கருவியைத் துடைக்கவும் எடுத்துக் கொடுக்கவும் சம்பளம் வாங்கியவர் என்று ஆபீஸ் ரிஜிஸ்டர் சொல்லியிருக்கும். 1919-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் நடவடிக்கைக் குறிப்பு இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதிர்வெண்ணை நேரடியாக நிர்ணயிக்க ஒரு புதிய முறை என்பது அதன் பொருள். இசைக்கவையைத் தட்டினால் அது விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதே அதிர்வெண். இன்னொரு கவையோடு ஒப்பிட்டுச் சொல்வது ஒருவிதம். எதையும் துணைக்கு வைத்துக்கொள்ளாமல் அந்த எண்ணையே கண்டுபிடிப்பது வேறு விதம், அதுதான் கடினம். கட்டுரையின் ஆசிரியர் ஆஷுதோஷ் தே. முன்னுரையும் பின்னிணைப்பும் மட்டும் ராமன்.

யோசித்துப் பாருங்கள். ராமன் அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டு, கடைசி வரியில் "உதவியாளருக்கு நன்றி" என்று எழுதியிருந்தால் அன்றைய உலகத்தில் யார் கேட்டிருப்பார்கள்? ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் கடைத்தெரு பாஷையில் சொன்னால், வரவை உரியவர் பேரிலேயே எழுதினார்.

பேரேட்டில் பெயர் விடுபட்டுப்போவது நமக்கொன்றும் புதிதில்லை. நாலடியாரில் 400 பாட்டு இருக்கிறது. பாடிய சமண முனிவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அதிகாரமாக வகுத்த பதுமனார் பெயர்தான் நின்றது. பெயரைத் துறந்த முனிவர்களுக்கு அது குறையில்லை. சம்பளத்துக்கு உழைப்பவனுக்குக் குறைதான்.

அடுத்து ராமனையே எடுத்துக்கொள்வோம். அவருக்கும் ஒருவர் கதவு திறக்க வேண்டியிருந்தது. கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த சர் ஆஷுதோஷ் முகர்ஜி உயர்நீதிமன்ற நீதிபதி, கணித மேதை. (இந்தக் கதையில் இரண்டு ஆஷுதோஷ்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் அறிவியல் கல்லூரி எழுந்தது, 1914 மார்ச் 27-இல் அடிக்கல். அதன் பாலித் பேராசிரியர் பதவிக்கு முகர்ஜி தேர்ந்தெடுத்தது ராமனை. ராமனிடம் இருந்தது எம்.ஏ. பட்டம் மட்டுமே, முனைவர் பட்டம் கிடையாது. அறக்கட்டளை விதியோ வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றது. அதற்காகக் கப்பல் ஏற முடியாது என்றார் ராமன். விதியைத் தளர்த்தினார் முகர்ஜி. 1917 ஜூலையில் ராமன் பதவியேற்றபோது சம்பளம் பழைய உத்தியோகத்தில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். நம் வீட்டில் ஒரு பையன் இப்படிச் செய்தால் என்ன சொல்வோம் என்று எனக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அதே முகர்ஜிதான் எம்.எஸ்ஸி. முடித்து வந்த சத்தியேந்திரநாத் போஸையும் மேகநாத் சாகாவையும் அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்த வைத்தார். இருவருக்கும் அப்போது வயது இருபதைச் சற்றுத் தாண்டியிருந்தது. விளைவை உலகம் அறியும்.

இனி மாணவர்கள். ராமன் விளைவு 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்ததல்ல. 1923-இலேயே கே. ஆர். ராமநாதன், சுத்தமான நீரில் சிதறிய ஒளியில் ஏதோ மங்கலான நிறமாற்றம் இருப்பதைக் கண்டார். அது அழுக்கினால் வரும் ஒளிர்வு என்று முதலில் நினைத்தார்கள். எத்தனை சுத்தம் செய்தும் போகவில்லை. பிறகு எஸ். வேங்கடேஸ்வரன் என்பவர் நன்கு சுத்திகரித்த கிளிசரினில் சூரிய ஒளியைச் செலுத்தியபோது, வழக்கமான நீலத்துக்குப் பதில் பளிச்சென்று பச்சை தெரிந்தது. இவர் முழுநேர ஆராய்ச்சியாளர்கூட இல்லை. அலிப்பூர் அரசுச் சோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் கழகத்துக்கு வந்துபோனவர். கடைசியில் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணன் முழுமூச்சாய் இறங்கினார்.

சோதனை எளிமையானது. உள்ளே போகும் ஒளிக்கு நீல ஊதா வடிகட்டி. வெளியே வரும் ஒளியைப் பார்க்க, அந்த நீல ஊதாவை அறவே மறிக்கும் இன்னொரு வடிகட்டி. நிறம் மாறாவிட்டால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். இருட்டாக இல்லை. திரவத்தின் மூலக்கூறு ஒளியிடமிருந்து சிறிது ஆற்றலை வாங்கிக்கொண்டோ கொடுத்தோ அனுப்புகிறது, அதனால் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை மாதிரி. சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31-இல் வந்த முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் என்று இரண்டு பெயர்கள். அதன்பின் வந்த கடிதத்தில் ராமன் பெயர் மட்டும். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்குத் தனியாக வந்தது. கிருஷ்ணனுக்கும் பங்கு தந்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. தரப்பட்டிருக்கலாம் என்பது என் கட்சி. ஆனாலும் நோபல் உரையில் ராமன், ராமநாதனையும் வேங்கடேஸ்வரனையும் கிருஷ்ணனையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது.

இதே நகரத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சொல்லவே நெஞ்சு கனக்கிறது. 1978 அக்டோபர் 3-இல் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை கொல்கத்தாவில் பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதல் குழந்தை பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. செய்தவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். உடனிருந்தவர்கள் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும், ஜாதவ்பூர் பல்கலைக்கழக உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர் சுனித் முகர்ஜியும். உணவுத் தொழில்நுட்பக்காரருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கருவை உறையவைத்துப் பாதுகாக்கும் வித்தை அவர் கையில் இருந்தது. இன்று உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மாநில அரசு அமைத்த குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஜப்பானில் போய்ப் பேச அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

பிற்பாடு 1986-இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் குழந்தை என்று பதிவாயிற்று. அதன் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார். அவர் 1997-இல் கொல்கத்தா வந்தபோது சுபாஷின் குறிப்பேடுகள் கைக்குக் கிடைத்தன. உட்கார்ந்து படித்தார். முதல்வர் நான் அல்ல, அவரே என்று 'கரன்ட் சயன்ஸ்' இதழில் எழுதினார். தன் கணக்கிலிருந்த வரவைத் தானே அடித்துவிட்டு, செத்துப்போனவர் பேரில் எழுதிய மனிதர்! வியாபாரத்தில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

சின்ன விஷயம் ஒன்றும் சொல்கிறேன். நான் சரக்குப் போட்ட ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், வேதியியல் கூட உதவியாளர் ஒருவர் இருந்தார். நீரை வாலைவடிக்கும்போது குளிர்விக்கும் குழாய்த் தண்ணீர் நாள் முழுக்கச் சாக்கடைக்குப் போகும். கோடையில் மாடிக்குத் தண்ணீரே ஏறாது. இவர் ஒரு வாளி, ஒரு சிறு பம்ப், கொஞ்சம் ரப்பர் குழாய் வைத்து அதே தண்ணீரைச் சுற்றவிட்டார். ஆண்டறிக்கையில் அது துறைத் தலைவரின் புதுமை என்று அச்சாயிற்று. "நாம் தியே கீ ஹொபே, தாதா" என்றார் என்னிடம். பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய அண்ணா, என்று அர்த்தம். சொல்லிவிட்டு வெகுநேரம் பியூரெட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2018-இல் மத்திய கல்வித்துறை புதுமைக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. கல்லூரிதோறும் அதன் மன்றங்கள் வந்தன. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் குறைத்தார்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பேரில் இருக்கலாம். ஆனால் கண்டுபிடித்தவர் பெயர் தனியாக எழுதப்பட வேண்டும், அவர் மாணவரானாலும் சரி, ஊழியரானாலும் சரி. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, விடுபட்டவர் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் வழி வைத்திருக்கிறது. இன்னொன்று: விண்ணப்பிக்கும் முன் விஷயத்தை மேடையிலோ பத்திரிகையிலோ போட்டு உடைத்துவிட்டால், புதுமை போயிற்று என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்கவும். செய்ததைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பது மிகவும் உதவும்.

என் பேரன் இறுதியாண்டு புராஜெக்டில் ஏதோ ஒரு வால்வு செய்திருக்கிறான். விண்ணப்பப் படிவத்தில் நான்கு மாணவர்கள், ஒரு பேராசிரியர். "ஒர்க்‌ஷாப் மெக்கானிக் பெயரைப் போடலாமா தாத்தா?" என்று கேட்டான். நீங்கள் வரைந்து கொடுத்ததை அப்படியே கடைந்து கொடுத்தாரென்றால் சட்டப்படி அவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார், யோசனையும் அவருடையது என்றால் போட்டே ஆகவேண்டும் என்றேன். பையன் கொஞ்சம் தயங்கினான். ஒழுகாமலிருக்க உள்ளே ஒரு பள்ளம் வெட்டலாம் என்று சொன்னது அவர்தானாம். நோட்டை எடுத்து எந்தத் தேதி என்று தேடிக்கொண்டிருந்தான்.