கோட்டைப் பார்க்குமுன் கட்டத்தைப் பாருங்கள்

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஓமந்தூருக்குத் தொலைவிலன்று. அங்கிருந்து 1940-இல் டி.எம்.வி. 2, 1967-இல் டி.எம்.வி. 7 ஆகிய கடலை இரகங்கள் வெளிவந்தன. மல்லாட்டை பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு இவற்றை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புது இரகமோ உரமோ எதுவாயினும், பல பாத்திகளில் பரிசோதித்த முடிவு பெரும்பாலும் ஒரு வரைபடமாகவே நம்மை வந்தடைகிறது. கோடு செங்குத்தாக ஏறினால் ‘வாங்கலாம்’ என்கிறோம். படுத்திருந்தால் ‘வேண்டாம்’ என்கிறோம். ஓரத்தில் எழுதிய எண்களை நோக்குவோர் சிலரே.

நெசவாள அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். ஓர் அங்குலத்தில் பாவு இழை 80, ஊடை இழை 60 உள்ள துணிக்குச் சதுரக் கட்டத்தாளில் 80-க்கு 80 கட்டமாக ஒரு வட்டப் புட்டா வரைந்தால், துணியில் அது அகலம் 1 அங்குலமும் உயரம் 1⅓ அங்குலமுமாக நீண்டு முட்டை வடிவம் கொள்ளும். ஆகவேதான் டிசைன் போடுகிறவர் இழைக் கணக்குக்கு ஏற்ற தாளைத் தேர்ந்தெடுக்கிறார். ஆய்வுக்கூடத்து வரைபடத்திலும் கட்டம் மாறினால் உருவம் மாறும்.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு ஜிப்சம் இடாத பாத்தியில் 1,500 கிலோ கடலை. 200 கிலோ இட்டால் 1,620. 400 இட்டால் 1,700. 600 இட்டால் 1,710. தாளின் உயரம் 25 சென்டிமீட்டர். நேரச்சை 1,500-இல் தொடங்கி ஒரு சென்டிமீட்டருக்கு 10 கிலோ என்று வைத்தால் கோடு 21 சென்டிமீட்டர் ஏறும். தென்னைமரம் போல் நிற்கும். பூஜ்யத்தில் தொடங்கி 100 கிலோ வீதம் வைத்தால் 2.1 சென்டிமீட்டரே ஏறும். எண்கள் அவையே, பார்ப்பவர் மனம்தான் வேறாகிறது.

எதை நம்புவது? ஒரே அளவு ஜிப்சம் இட்ட பாத்திகளுக்குள்ளேயே மகசூல் எவ்வளவு வேறுபட்டது என்று கேட்க வேண்டும். அது 50 கிலோ எனில், 400-க்கும் 600-க்கும் இடையே தெரியும் 10 கிலோ உயர்வு உயர்வே அன்று. ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்தைக் காய்கள் மண்ணிலிருந்து நேரே உறிஞ்சுகின்றன, பயன் மெய்யே. ஹெக்டேருக்கு 400 கிலோ என்பதே நம் மாநிலப் பரிந்துரையும் ஆகும். ஆனால் நீட்டிய படத்தை நம்பி 50 ஹெக்டேருக்கு 600 கிலோ வீதம் சங்கம் இண்டென்ட் போட்டால், 10,000 கிலோ வீணாக வந்து சேரும்.

அப்படியானால் எப்போதும் பூஜ்யத்தில் தொடங்குவதே நியாயம் என்று சிலர் வாதிப்பர். அதுவும் சரியன்று. சேமிக்கும் கடலையில் ஈரப்பதம் ஏறத்தாழ 8 சதவீதம் இருந்தால் தாங்கும். 12 ஆனால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு இடமாகும். இதை 0 முதல் 100 வரை வரைந்தால் அந்த வேறுபாடு ஒரே சென்டிமீட்டருக்குள் ஒடுங்கிவிடும். இங்கே 6 முதல் 16 வரை வைப்பதே தகும். தொடக்க எண்ணைத் தெளிவாக எழுதிவிட வேண்டும், அவ்வளவே.

கிடையச்சிலும் சூது உண்டு. 0, 100, 200, 400, 800 கிலோ என்ற அளவுகளைச் சம தூரத்தில் குறித்துவிட்டால், வளைந்து தணிய வேண்டிய கோடு நேராக ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும். உரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோவின் பலனும் குறைவதை ஜெர்மனியின் மிட்செர்லிக் 1909-இலேயே சூத்திரமாக்கினார். அதே ஆண்டில் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த பி.எச். எண் மண்வள அட்டையில் இருக்கிறது. அதில் 6-லிருந்து 5-க்கு இறங்குவது ஒரு படியாகத் தோன்றினும் அமிலத்தன்மை பத்து மடங்காகிறது.

வரைவோருக்கு ஒரு சொல். ஒரு கட்டத்துக்கு 1, 2, 5, 10 என்று வையுங்கள். 3, 7 என்று வைத்தால் இடையிலுள்ள புள்ளியைக் குறிக்கவே திணற நேரும். தராசு காட்டாத நுட்பத்தைக் கட்டம் காட்ட வேண்டியதில்லை.

அச்சில் எண்ணே இல்லாத படத்தோடு வியாபாரி வந்தால், பாத்தி வாரியான எண்களை எழுதி வாங்கிக்கொண்டு, செயலாளர் அவற்றை இரண்டு விதமாகப் போட்டு நிர்வாகக் குழுவில் வைக்கலாம். கட்டத்தாளுக்கு அலைய வேண்டாம். டிசைன் போடும் அங்கத்தினர் வீட்டில் கட்டாயம் இருக்கும்.