ஓய்வுக்குப் பின்னும் சூரியனைப் பார்த்தவர்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கதையைச் சொல்பவர்கள் 1909 ஜனவரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்த மாதத்தில்தான் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் ஓரப் பகுதியில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதை நிறமாலையில் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். முதுமையைப் பற்றி யோசிப்பவர்களுக்கோ அந்தக் கண்டுபிடிப்பைவிட அதன் முன்கதையும் பின்கதையும் முக்கியம். 1864இல் பிறந்த எவர்ஷெட் கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தது 1907இல், நாற்பதைத் தாண்டிய வயதில். அதுவரை லண்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். சூரியனைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அதற்காகச் சர்ரே மாவட்டத்தில் சொந்தச் செலவில் ஒரு சிறு ஆய்வகம் வைத்திருந்தார். 1898இல் முழுச் சூரிய கிரகணம் பார்க்க இந்தியாவரை வந்துபோனவர் அவர். கொடைக்கானலில் இயக்குநராகவும் ஆகி, 1923இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். திரும்பியவர் யூஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் மறுபடியும் ஒரு சொந்த ஆய்வகம் கட்டினார். 1950களின் தொடக்கம்வரை அது மூடப்படவில்லை. 1956இல் தம் 92ஆம் வயதில் இறந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைக்கு நடுவில் பதினாறு ஆண்டு சம்பளம் கிடைத்தது. அதன்பின் அது பழையபடி பொழுதுபோக்காயிற்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் வீடுகளில் ஒருவர் ஓய்வு பெறும் மாதத்தில் எழும் கேள்வி வேறு: “இனிமே பொழுது எப்படிப் போகும்?” தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 58ஆக இருந்து, 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. மாநில மக்களில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021இல் 13.6 சதவீதம் என்றும், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. ஐந்தில் ஒருவரை நெருங்கும் இந்தக் கூட்டத்துக்குப் பகுதிநேர வேலையோ பொழுதுபோக்கோ வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் பொழுதைப் ‘போக்குவது’ என்று கேள்வியை அமைத்துக்கொண்டாலே விடை தவறிவிடுகிறது. கை ஓயாமல் இருப்பதால் மட்டும் மூளைக்குப் பெரிய லாபம் இல்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டே தீரவேண்டிய வேலையா, நாம் போகாவிட்டால் யாருக்காவது எதற்காவது குறை வருமா என்ற இரண்டைத்தான் பார்க்கவேண்டும். இதில் சம்பளம் உண்டா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

வேலையிலிருந்து விலகுவது நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்பதைப் பிரிட்டிஷ் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ‘வைட்ஹால்’ ஆய்வு பார்த்தது. 3,433 பேரின் தகவலை வைத்து 2018இல் வந்த கட்டுரை, சொற்களை நினைவில் வைக்கும் திறன் ஓய்வுக்கு முன் குறைந்துவந்ததைவிட ஓய்வுக்குப் பின் 38 சதவீதம் வேகமாகக் குறைந்ததாகச் சொன்னது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. பணியில் இருக்கும்வரை உயர்பதவிக்காரர்களின் நினைவு மெதுவாகத்தான் சரிந்தது. ஓய்வு பெற்றதும் அந்தச் சலுகை மறைந்துவிட்டது. அதாவது அந்தப் பாதுகாப்பு பதவியில் இருந்தவரிடம் சேமித்துவைத்த சொத்தல்ல, அன்றாடம் அந்த நாற்காலி கேட்ட வேலையிலிருந்து வந்தது. நாற்காலி போனதும் அதுவும் போயிற்று. பெரிய அதிகாரிகளாக இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் ஏன் சட்டென்று தளர்ந்துபோகிறார்கள் என்பதற்கு மரியாதை குறைந்ததுதான் காரணம் என்று நாம் சொல்லிக்கொள்வோம். மரியாதையை அளக்க முடியாது; மூளைக்கு வேலை குறைந்ததை அளக்க முடிகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். மறதி தொடங்கியவர்தானே வேலையையும் பொழுதுபோக்கையும் விடுகிறார்? விட்டதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் விட்டாரா? நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, வாசிப்பு, சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டுகள், இசைக்கருவி, நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்ததைக் காட்டியது. அதன் மேலும் இந்தக் கேள்வியைத் தூக்கிப்போடலாம். இதற்கு விடை வேண்டுமானால் யார் எதைச் செய்வது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவேண்டும். டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழுவினர் அதைச் செய்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபதைத் தாண்டியவர்களில் சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கும் மெத்தைவிரிப்பு வேலை, சிலருக்கு இரண்டும் மூன்று மாதம் கற்றுக்கொடுத்தார்கள். வாரம் ஏறத்தாழ பதினைந்து மணி நேரம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு கூடிப் பேசி, விளையாடி, சுற்றுலா போய் அதே நேரத்தைக் கழித்தது. இன்னொரு குழு வீட்டிலேயே பாட்டுக் கேட்டு, சொற்புதிர் போட்டது. கடினமான புதிய கைத்தொழிலைக் கற்றவர்களின் நினைவாற்றல்தான் மேம்பட்டது. காலையில் காப்பியோடு குறுக்கெழுத்துப் போடுபவர்களுக்கு இது கசப்பான செய்தி; தெரிந்ததையே திரும்பச் செய்வது இதமாக இருக்கிறது, ஆனால் பெரிதாக ஒன்றையும் தூக்கிவிடுவதில்லை.

இரண்டாவது நிபந்தனைக்கான சான்று பால்டிமோர் நகரத்து ஆரம்பப் பள்ளிகளிலிருந்து வருகிறது. அங்கே அறுபதைத் தாண்டியவர்களைக் குழந்தைகளுக்கு வாசிப்பு சொல்லித்தர வாரம் பதினைந்து மணி நேரம் அனுப்பினார்கள். யார் போவது என்பது இங்கும் குலுக்கலில்தான் முடிவானது. இரண்டு ஆண்டு கழித்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, பள்ளிக்குப் போகாத ஆண்களுக்கு வயதுக்கேற்பச் சுருங்கியிருந்த நினைவு மையமான ஹிப்போகேம்பஸ், போன ஆண்களுக்குச் சுருங்கவில்லை. காரணம் வாசிப்புப் பாடம் மட்டுமல்ல. காலையில் எழுந்து, நடந்து, பஸ் பிடித்து, பள்ளிக்குள் மாடியேறி, எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்குகிறது என்று நினைவில் வைத்து, சக தொண்டர்களோடு கலந்து பேசி எனப் பல சரடுகள் அதில் முறுக்கிக் கிடக்கின்றன. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று படுத்துக்கொண்டால் ஒரு பிள்ளை காத்திருக்கும். தனியாக ஒரு மணி நேரம் நடைப்பயிற்சி போவதற்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை விளக்க ஆய்வாளர்கள் ‘அறிவுக் கையிருப்பு’ என்ற கருத்தை முன்வைக்கிறார்கள். மூளைத் திசு பழுதடைவதைப் பொழுதுபோக்கு நிறுத்துவதில்லை. ஒரு பாதை அடைபட்டால் வேறு பாதையில் போய்ச் சேரும் பழக்கத்தைத் தருகிறது. மலைக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மண்சரிந்து வத்தலக்குண்டு சாலை அடைபட்டால் பழனிப் பாதையில் இறங்குவார்கள்.

பழனி மலைத்தொடரின் அறிவியல் வரலாறே இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் உதாரணம்போல இருக்கிறது. கொடைக்கானல் ஆய்வகத்தைத் தொடங்கிய மிக்கி ஸ்மித் 1911இல் ஓய்வு பெற்றபின் ஸ்காட்லாந்துக்குத் திரும்பாமல், 1922இல் இறக்கும்வரை இந்த ஊரிலேயே இருந்தார். செண்பகனூரில் 1895இல் அமைந்த சேசு சபைக் கல்லூரியின் பாதிரிமார்கள் பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரத்தில் செடி, பூச்சி, பாம்பு என்று சேகரித்ததுதான் இன்றைய அருங்காட்சியகம். ஆங்கிலாத் பாதிரியார் மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். ஜார்ஜ் ஃபோரோ பாதிரியார் பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக் கிடக்கும் பாசிகளைப் பல ஆண்டுகள் தொகுத்து, பழனி மலைப் பாசிகளின் பட்டியலை 1961இல் எழுபதைத் தாண்டிய வயதில் வெளியிட்டார். அவர் வழிவந்த திருச்சி ரேபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை முடித்தது 1999இல். பலர் ஓய்வு பெற்றுப் பத்தாண்டு ஆகியிருக்கும் வயது. பாசி பார்ப்பது அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலையல்ல. இன்று பார்த்ததை நேற்று பார்த்ததோடு ஒப்பிடவேண்டும், பெயர் தெரியாததைக் கற்கவேண்டும், எங்கோ ஓர் உலர்தாவரகத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த மாதிரிக்காகக் காத்திருப்பார். மூன்றாண்டு நிதியுதவியில் ஓடும் ஆய்வுத் திட்டங்களுக்கு இந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. ஓய்வு பெற்றவரிடம் அது சும்மா கிடக்கிறது.

சரி, பொழுதுபோக்கால் கேடே வராதா? வரும், இந்த மலைதான் சாட்சி. மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் சதுப்பு நிலத்தில் கரை கட்டி இன்றைய ஏரியை உருவாக்கினார். ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கி, சொந்தப் பணத்தையும் செலவழித்து ஊரை அழகுபடுத்திக்கொண்டிருந்தார். வெளியூர்ச் செடிகளும் மரங்களும் அந்தக் காலத்து மனிதர்களின் உற்சாகத்தில் மலையேறின. யூகலிப்டஸும் வாட்டில் மரமும் முதலில் ஆர்வமாக வந்து, பிறகு அரசுத் தோட்டங்களாகப் பெருகின. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வெளியான ஆய்வின்படி, 1973க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று. பெரும்பகுதியை விழுங்கியவை மரத்தோட்டங்களும் விவசாயமும். ஓய்வுகால ஆர்வலர்கள் மேல் முழுப் பழியையும் போடுவது அநியாயம். ஆனாலும் ‘ஏதாவது நடுவோமே’ என்று மரக்கன்றோடு மலையேறும் இன்றைய ஓய்வு பெற்றவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. புல்வெளியில் மரம் நடுவது புண்ணியமல்ல. நடுவதற்கு முன் பத்து ஆண்டு பார்த்துக் குறித்துவைப்பவர் அந்த மலைக்கு அதிகம் செய்தவராவார்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. நான் சொல்லும் பெயர்களெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகளும் சோற்றுக் கவலையில்லாத பாதிரிமார்களும். மன்னவனூரிலும் பூம்பாறையிலும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வயலில் குனிந்து நிற்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு ஓய்வு வயது யார் சொன்னது? தாண்டிக்குடிச் சரிவில் காப்பிப் பழம் பறிப்பவருக்குப் பென்ஷன் ஏது? கைவேலை ஓயாமல் இருப்பதே மருந்து என்றால் அவர்களுக்கு மறதியே வரக்கூடாது. இந்திய முதியோரிடையே நடந்த பெரிய மதிப்பீட்டில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பது தெரிந்தது; கிராமத்தவர், பெண்கள், பள்ளிப் படிப்பு வாய்க்காதவர்கள் மத்தியில் அது கூடுதல். ஆகவே உழைப்பு மட்டும் காப்பதில்லை என்ற என் வாதத்தை இந்த மறுப்பு உடைக்கவில்லை, அதற்கே வலுச் சேர்க்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகத் தேய்வது வேறு, விரும்பிக் கற்பது வேறு. முன்னதில் இருப்பவர்களிடம் பகுதிநேர வேலையின் பெருமையைப் பேசுவது கேலி. அவர்களுக்கு முதலில் பென்ஷன், கண்ணாடி, காதுக்கருவி. கண்ணும் காதும் மங்கினால் மூளைக்குப் போகும் வழியே அடைபடுகிறது. அதே பாட்டிக்கு எந்தப் பூண்டு எந்த மண்ணில் எப்போது அழுகும் என்பது தெரியும். அவரிடம் கேட்டு எழுத ஒருவர் உட்கார்ந்தால், இருவருக்குமே வேலை கிடைக்கும்.

பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறுநாள் அடுப்படிக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஒரு வேளை காப்பி கூடுதலாகப் போடவேண்டியிருக்கும். எவர்ஷெட்டின் மனைவி மேரி கொடைக்கானலில் எந்தப் பதவியிலும் இல்லை, சம்பளமும் இல்லை. சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைக் கணவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். இருவர் பெயரிலும் 1917இல் ஆய்வகத்தின் வெளியீடு வந்தது. தாந்தேயின் வானியல் பற்றிய அவருடைய நூல் 1914இல் வெளியானது. பணியில் சேராதவர் பணி ஓய்வும் பெறவில்லை. இங்கிலாந்து திரும்பியபின் பிரிட்டிஷ் வானியல் சங்கத்தின் வரலாற்றுப் பிரிவைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

இன்றைக்கு இந்த மலையில் கையில் கிடைக்கும் வேலைகள் குறைவல்ல. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஒரே மரம் எந்த வாரம் துளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பதியும் ‘சீசன்வாட்ச்’ இருக்கிறது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே குளிரும் மெல்லிய காற்றும் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சமவெளியிலிருந்து குடியேற நினைப்பவர்கள் மருத்துவரைக் கேட்பது அவசியம். வாரம் பதினைந்து மணி நேரம் என்பது ஆய்வாளர்கள் வகுத்த அளவு, மாத்திரைச் சீட்டு அல்ல. அறுபதாம் வயதில் புதிதாகத் தேடுவதைவிட ஐம்பதிலேயே தொடங்குவது எளிது. எவர்ஷெட் இருபதுகளிலேயே தொடங்கினார். குறிஞ்சி இந்த மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030. எந்தச் சரிவில் எத்தனை புதர் மிஞ்சியிருக்கிறது, எது முறை தவறி முன்கூட்டியே பூக்கிறது என்பதைப் பன்னிரண்டு ஆண்டும் பார்த்து எழுத ஆள் வேண்டும். 2018இல் 58 வயதில் ஓய்வு பெற்றவருக்கு 2030இல் எழுபது. அதற்கடுத்த பூப்பின்போது, 2042இல், எண்பத்திரண்டு. அந்த வயதில் எவர்ஷெட் யூஹர்ஸ்ட் ஆய்வகத்தை இன்னும் மூடியிருக்கவில்லை.